திங்கட்கிழமைப் பூ

ஆவணி, திங்கள். விடிகாலையிலிருந்து சாரல்.

வருடம் எது என்று கேட்டால்: ஆலயத்து மணிக்கூண்டுக்கு வெள்ளை அடித்த வருடம். ஊர்க்குளத்து ஆகாயத்தாமரையை இயந்திரம் இறக்கி வாரிய வருடம். நம் கடலில் சாளை கிட்டாமல் வெளியூர்ப் பெட்டி மீன் வந்த வருடம். அக்காள் தன் பல்செட்டைக் கிணற்றில் போட்ட வருடம். இவ்வளவு போதும், எனக்குப் பிடிபட்டுவிடும். நம்பரில் சொன்னால்தான் மறந்துபோகும்.

எனக்கு எழுத்து தெரியாது. பக்கத்து வீட்டு விஜிலா போனில் காட்டித் தந்தாள். மைக் படத்தைத் தொட்டுவிட்டுப் பேசினால் அதுவே எழுதிக்கொள்ளும். போதகர் பிரசங்கம் பண்ணுகிற மாதிரி நிறுத்திச் சொல்ல வேண்டும். எழுதியதை நான் வாசிக்க முடியாது. யாருக்கும் காட்டப்போவதும் இல்லை. அக்காளுக்கு ஆனது எனக்கும் ஆனால், எங்கேயாவது கிடக்கட்டும் என்று.

காலை: கஞ்சி, சிறுபயறு, கொஞ்சம் தேங்காய்த் துவையல். பூனை வந்து உட்காரும்வரை அக்காள் வாயைத் திறக்கவில்லை. வந்த பிறகு அரைக் கிண்ணம் இறங்கியது.

அக்காள் பாக்கியம் என்னைவிட ஆறு வயது மூப்பு. கல்யாணம் கழிக்கவில்லை. நான் கழித்தேன், கட்டினவள் போய்ச் சேர்ந்தாள், பிள்ளை இல்லை. இப்போது வீட்டில் நாங்கள் இரண்டு பேர். போன மழைக்காலத்தோடு அக்காளுக்கு என்னை யாரென்று தெரியாமல் போயிற்று. “நீரு ஆருவே?” என்பாள். பூனையை மட்டும் தெரியும். குஞ்ஞு என்று பெயர் வைத்ததும் அவள்தான். தட்டுக்கு எதிரே குஞ்ஞு இருந்தால் சோறு இறங்கும். இல்லையென்றால் உதட்டை உள்ளே மடித்துக்கொள்வாள். ஆனி மாதம் பூனை எங்கோ சுற்றப் போய்த் திரும்ப நேரமாயிற்று. அதற்குள் அக்காளை ஆஸ்பத்திரியில் சேர்த்து மூக்கில் குழாய் விட வேண்டி வந்தது. இன்னொரு தடவை பட்டினி கிடந்தால் தாங்கமாட்டார் என்றார் டாக்டர். சரி என்றேன்.

பத்து மணிக்கு ஆலயம். மணி அடிப்பது, கூட்டுவது, பீடத்துணி மாற்றுவது என் வேலை. ஞாயிறு ஆராதனைக்கு வைக்கிற பூ திங்கட்கிழமை மணியடிக்கிறவன் வீட்டுக்கு. எனக்கு முன்னால் மணியடித்தவருக்கும் அப்படித்தான். கர்த்தருக்கு வைத்ததைக் குப்பையில் போடக்கூடாது. தானாக உதிரும்வரை வீட்டில் தண்ணீரில் நிற்க வேண்டும். உதிர்ந்த பிறகு தென்னை மூட்டில்.

முன்பெல்லாம் என்ன பூ? செம்பருத்தி, கேந்தி, கோழிக்கொண்டை, நடுவில் குரோட்டன்ஸ் இலை. சனிக்கிழமை ஒரு கல்யாணம், மாப்பிள்ளை குவைத்தில். களியக்காவிளையிலிருந்து ஆள் வந்து பீடத்தில் பூக் கட்டினார்கள். எல்லாம் வெள்ளை லில்லி, ஞாயிறு ஆராதனைக்கும் அதுவே. கை அகலம் பூ, நீளக் காம்பு, நடுவில் மஞ்சள் தூள். துணியில் பட்டால் போகாது. போதகர் பிரசங்கத்தில் லீலி புஷ்பம் லீலி புஷ்பம் என்பார். இதுதான் அதா என்று தெரியாது.

ஒரு வாளி நிறையக் கொண்டுவந்து அக்காள் அறையில் வைத்தேன். அவள் கை நீட்டினாள். எதற்காவது அவள் கை நீட்டி எத்தனையோ மாதம். ஒரு பூவை ஒடித்துக் கொடுத்தேன். மோந்தாள். பிறகு குஞ்ஞுவை மடியில் இழுத்து, அந்தப் பூவால் முதுகு, கன்னம், காது என்று தடவித் தடவி, “கல்யாணப் பெண்ணு, கல்யாணப் பெண்ணு” என்று சிரித்தாள். வெள்ளைப் பூனை. மூஞ்சியெல்லாம் மஞ்சள். அது மடியிலேயே இருந்து நக்கிக்கொண்டது.

பார்த்துக்கொண்டு நின்றேன். சந்தோஷம் என்று சொல்ல ஏதாவது வருகிறதா என்று பார்த்தேன். வரவில்லை. அடுப்பில் வெள்ளம் கொதித்தது, போனேன்.

சாயங்காலம் மதிலுக்கு அப்பால் விஜிலா. கணவன் ஷார்ஜாவில், பிள்ளைகள் ஹாஸ்டலில், துணைக்கு ராக்கி என்று ஒரு நாய் வாங்கி வைத்திருக்கிறாள்.

“பாட்டா, ஒரு காரியம் சொன்னா கோவப்படப்பிடாது.”

“சொல்லு.”

“உங்க வேலியில நிக்கிய அரளிய வெட்டித் தள்ளணும். போனில பாத்தேன். நாய் வளத்துற வீட்டுக்குப் பக்கத்தில அது நிக்கப்பிடாதாம். இலை, பூ, வேரு எல்லாம் விஷமாம். எங்க ராக்கி கண்டதையும் கடிக்கும்.”

“உனக்க ராக்கி எனக்க செருப்பத் தின்னு தீத்தாச்சு. இனி அரளிக்கு வயித்தில இடம் உண்டா?”

“செருப்பில விஷம் இல்லல்லா பாட்டா.”

வேறு என்ன பூவெல்லாம் ஆகாது என்று கேட்டேன். போனை விரலால் தள்ளித் தள்ளிப் பார்த்தாள். “எல்லாம் இங்கிலீசில கெடக்கு. சீமப் பூவுக்க படமா இருக்கு, ஒண்ணும் மனசிலாவல்ல. நம்ம ஊரில நிக்கியது அரளி. அது போதும்.”

அரளியைப் பற்றி அவள் போன் சொல்லியா எனக்குத் தெரிய வேண்டும்? அரிசி இல்லாமல் மரச்சீனி மட்டும் தின்று கிடந்த வருடம், மேல வீட்டு ஆடுகள் அரளித் தழை தின்று மாலைக்குள் விழுந்தன. மாடு மோந்துவிட்டு விலகிப்போகும். பசித்த ஆடு விலகாது. இந்த வேலி அப்பன் நட்டது. ஒரு பூனை அதில் வாய் வைத்து நான் கண்டதில்லை. வெட்டமாட்டேன் என்றேன். முகத்தைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள்.

செவ்வாய். மழை விட்டுவிட்டு.

குஞ்ஞு பாயில் வாந்தி எடுத்திருக்கிறது. துடைத்தேன். மறுபடியும் எடுத்தது. வாயோரம் எச்சில் நூல் மாதிரி. கட்டிலுக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டது.

மத்தியானம் தூக்கி அக்காளின் தட்டுக்கு எதிரே வைத்தேன். உட்காரவில்லை, படுத்தே கிடந்தது. அக்காளுக்கு அது போதும். நாலைந்து உருண்டை சோறு, பெட்டிச் சாளைக் குழம்பு. மீன் தலையைப் பூனைக்கு நீட்டினாள். அது முகத்தைத் திருப்பியது. “கோவம்” என்றாள் என்னிடம். “கல்யாணப் பெண்ணுக்குக் கோவம்.”

விஜிலா பேசமாட்டாள் என்று நினைத்தேன். பூனை முனகுவது கேட்டு வந்துவிட்டாள். குனிந்து பார்த்தாள்.

“வாயில நுர. அரளிதான் பாட்டா. நான் நேத்து சொன்னேன், இன்னைக்கு கண்டியளா?”

“பூச்ச அரளி திங்காது.”

“தின்னுதுன்னு போட்டோ பிடிச்சா காட்ட முடியும்? வேற என்ன விஷம் இருக்கு இந்த வீட்டில?”

யோசித்தேன். எலி மருந்து இல்லை. உரம் இல்லை. ஊமத்தை வளவில் முளைத்தாலே பிடுங்கிவிடுவேன். விஷக் கிழங்கு மேந்தோன்னி காட்டில்தான். வீட்டைச் சுற்றிச் சுற்றி நடந்து பார்த்தேன். அரளி தவிர ஒன்றும் இல்லை. அவள் சொல்வதுதான் சரி என்று ஆயிற்று.

இளநீர் வெட்டி ஸ்பூனில் வாயில் விட்டேன். கொஞ்சம் இறங்கியது. கொஞ்சம் துண்டில்.

மணி அடிக்கப் போகும்போது சட்டையை உட்புறம் வெளியே வர மாற்றிப் போட்டிருந்தேன். யாரும் சொல்லவில்லை. திரும்பி வந்துதான் கண்டேன்.

புதன். மழை இல்லை. வெயில்.

அரளி வேலியை வெட்டினேன்.

காலையில் ஆரம்பித்து மாலை வரை. கிழக்கே கிணற்றடியிலிருந்து மேற்கே விஜிலா வீட்டு மதில் வரை. வெட்டுகத்தி மழுங்கிப்போயிற்று, கல்லில் தீட்டித் தீட்டி வெட்டினேன். வேரையும் விடக்கூடாது என்று மண்வெட்டியால் தோண்டினேன். வெட்டியதைக் கொளுத்தக்கூடாது, புகையும் ஆகாது. இழுத்து மூலையில் குவித்தேன். கையில் பால் பட்டுச் சொறிகிறது.

விஜிலா ராக்கியைச் சங்கிலியில் போட்டுவிட்டு மதிலோரம் நின்றாள்.

“பாட்டா, ஆளு விட்டு வெட்டலாம்லா. நான் சொன்னேன்னு இப்பிடி ஒத்தைக்கு நிண்ணு வெட்டணுமா?”

“நீ சொன்னேன்னு இல்ல.”

“வெயில் ஏறியாச்சு. ஒரு சாயா போடட்டா?”

“போடு.”

சாயா நன்றாக இருந்தது. சர்க்கரைதான் கூடுதல்.

அப்பன் இந்தக் கம்புகளை நட்டபோது நான் தண்ணீர் கோரி ஊற்றினேன். கலத்தைத் தூக்க முடியாமல் நெஞ்சோடு அணைத்துத் தூக்கினது தெரியும். அன்றைக்கு அப்பன் போட்டிருந்த துண்டின் கரை பச்சை. வெட்டும்போது அது ஞாபகம் வந்தது. வந்தது, அவ்வளவுதான்.

இடையில் இரண்டு தடவை அறைக்குள் எட்டிப் பார்த்தேன். குஞ்ஞு லில்லி வாளிப் பக்கம் போயிருந்தது. வாளித் தண்ணீரில் வாய் வைத்துக் குடித்துக்கொண்டிருந்தது. குடிக்கட்டும், உள்ளே இருப்பதெல்லாம் கழுவிப் போகட்டும் என்று நினைத்தேன். வாளியில் தண்ணீர் குறைந்திருந்ததால் இன்னும் ஒரு செம்பு ஊற்றினேன்.

அக்காள் மத்தியானம் கொஞ்சம்தான் தின்றாள். ராத்திரிக்குப் பாலில் நனைத்த ரஸ்க்.

வியாழன். வானம் மூடம்.

பூனை தண்ணீரும் குடிக்கவில்லை. எழுந்திருக்கவில்லை. பின்னங்காலை இழுக்கிறது. அக்காள் காலையில் கஞ்சியைக் கையால் தட்டிவிட்டாள். பூனை தலையைத் தூக்காததுதான் காரணம்.

விஜிலா ஆட்டோவுக்குப் போன் செய்தாள். அக்காளோடு தானே இருப்பதாகச் சொன்னாள். பழைய ஓலைக் கடவத்தில் சாக்கு விரித்துப் பூனையை வைத்து, மேலே துண்டு போட்டேன்.

ஆட்டோ கிறிஸ்துதாஸ்: “என்ன பாட்டா, கோழியா?”

“பூச்ச.”

“பூச்சைக்கு ஆட்டோ பிடிச்ச ஆளு இந்த ஊரில நீருதான். எனக்கு வயித்து வலி வந்தப்போ எனக்க வீட்டுக்காரி பஸ்ஸில போவச் சொன்னா.”

சிரிக்க வேண்டிய இடம் என்று தெரிந்தது. சிரித்தேன்.

மாட்டாசுபத்திரியில் கூட்டம். ஆடு, கோழி, ஒரு கிளி. என் பக்கத்தில் இருந்தவர் கன்றுக்குட்டியோடு பேசிக்கொண்டே இருந்தார்: “ஊசி போடும்ப சவுட்டப்பிடாது கேட்டியா, டாக்டரு பெண்ணாக்கும்.” இன்னொருவர்: “எனக்க ஆடு ரெண்டு நாளாட்டு அசை போடல்ல.” கிளி மட்டும் கத்திக்கொண்டிருந்தது.

டாக்டர் சின்ன வயசுப் பெண். பேச்சு தஞ்சாவூர்ப் பக்கம்.

“உங்க பேரு ஐயா?”

“செல்லையன்.”

“பூனை பேரு?”

சொன்னேன். எழுதிக்கொண்டார்.

“என்ன சாப்பிட்டுச்சு?”

“அரளி” என்றேன். உறுதியாகத்தான் சொன்னேன்.

வாயைத் திறந்து பார்த்தார். குழாய் வைத்து நெஞ்சைக் கேட்டார். இடுப்பை இரண்டு பக்கமும் விரலால் அமுக்கினார். பூனை கத்தியது.

“அரளின்னா நெஞ்சுத் துடிப்பு தப்பித் தப்பி வரும். இது அப்படி இல்லையே. கிட்னி வீங்கி இருக்கு.” பிறகு காதுக்குப் பின்னால் ரோமத்தைப் பிரித்துப் பார்த்தார். அங்கே அது நக்க எட்டாத இடம். “இது என்ன மஞ்சள்?”

“பூத்தூளு. ஆலயத்துப் பூ.”

“என்ன பூ?”

“லில்லி.”

கையைப் பூனைமேலேயே வைத்துக்கொண்டார்.

“பூனைக்கு லில்லி ஆகவே ஆகாதுங்க ஐயா. பூ, இலை, தூளு, அது நிக்கிற தண்ணி கூட. ரோமத்துல ஒட்டினத நக்குனாலே போதும், கிட்னி போயிடும்.”

“நாய்க்கு?” ஏன் அதைக் கேட்டேன் என்று தெரியவில்லை.

“நாய்க்கு வயிறு கெடும், வாந்தி எடுக்கும். அவ்வளவுதான். பூனைக்குத்தான் இப்படி. அரளி எல்லாத்துக்கும் விஷம், சரிதான். ஆனா அது கசப்பு, பூனை சீண்டாது. அன்னைக்கே கொண்டு வந்திருந்தீங்கன்னா...” அதோடு விட்டுவிட்டார். டிரிப் போட்டார். காலில் ரோமத்தைச் சிரைத்து ஊசி குத்தினார்கள். இவ்வளவு சின்னக் காலா என்று பார்த்தேன்.

பீடத்தில் இருந்த பூ, டாக்டர், என்று சொல்ல வாய் வந்தது. அதற்கு அவர் என்ன செய்வார்.

புதன்கிழமை முழுக்க நான் வேலியில் நின்றேன். வாளி அறைக்குள் நின்றது.

வீட்டுக்கு வந்ததும் லில்லியை எல்லாம் வாரி வளவுக் கோடியில் குழி தோண்டிப் புதைத்து மண் மிதித்தேன். வாளியைச் சோப்புப் போட்டுக் கழுவினேன். தரை, கட்டில் கால், பாய். பிறகு அக்காளின் கையைப் பிடித்து நகத்து இடுக்கில் இருந்த மஞ்சளை ஈர்க்குச்சியால் எடுத்தேன்.

“எதுக்குவே கையப் பிடிக்கியீரு? எனக்க அப்பங்கிட்ட சொல்லிக் குடுப்பேன்.”

“சொல்லு.”

விஜிலாவிடம் டாக்டர் சொன்னதைச் சொன்னேன். போனை எடுத்து மறுபடியும் பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள். “இந்தச் சீமப் பூதானா” என்றாள். பிறகு வேலி நின்ற வெறும் இடத்தைப் பார்த்தாள். “பாட்டா, நான்...” என்றாள். “சாயா இருக்கா?” என்று கேட்டேன். போட்டுக் கொண்டுவந்தாள்.

வெள்ளி. காற்று.

மறுபடியும் டிரிப். கிறிஸ்துதாஸ் இன்றைக்குத் தமாஷ் பேசவில்லை. மூத்திரம் போனதா என்று டாக்டர் கேட்டார். இல்லை என்றேன். தலையை ஆட்டினார். வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்றார். அதற்கு என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியும். அக்காளுக்கும் அப்படித்தான் சொன்னார்கள்.

அக்காள்: காலை இரண்டு வாய். பூனையைத் தட்டோரம் துண்டில் சுற்றி வைத்திருந்தேன். மத்தியானம் ஒரு வாய். அதையும் கன்னத்தில் ஒதுக்கி வைத்திருந்து துப்பினாள்.

போதகரிடம் சொன்னேன், பூனை வளர்க்கிற வீட்டுக்கு லில்லி ஆகாதாம் என்று. “அப்படியா? நான் கேள்விப்பட்டதே இல்லையே செல்லையன். ஆசீர்வதித்த பூவாச்சே” என்றார். பிறகு அவரே, “ஞாயிற்றுக்கிழமை அறிவிப்பில் சொல்லிவிடுகிறேன்” என்றார்.

வாங்க வேண்டியது: தீப்பெட்டி, அக்காளுக்கு ஹார்லிக்ஸ், கத்திக்குக் கைப்பிடி, போனுக்கு ரீசார்ஜ். மீன் வேண்டாம்.

சனி. மழை.

குஞ்ஞு போயிற்று. மத்தியானம், அக்காள் உறங்கிக்கொண்டிருந்தபோது. அவள் காலோரம்தான் கிடந்தது. வயிறு ஏறி இறங்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நடுவில் ராக்கி குரைத்தது, ஜன்னலைப் பார்த்தேன். திரும்பினபோது ஏறி இறங்கவில்லை.

அவள் விழிப்பதற்குள் சாக்கில் எடுத்துக்கொண்டு வெளியே வந்தேன். அரளி நின்ற இடத்தில் மண் பொலபொலவென்று இருந்தது. தனியாகக் குழி தோண்ட வேண்டியிருக்கவில்லை. மழையில் நனைந்துகொண்டு மூடினேன். விஜிலா குடையைக் கொண்டுவந்து என் தலைக்குமேல் பிடித்தாள், அவள் நனைந்தாள். “பெலமா பெய்யுது, வாருங்க பாட்டா” என்றாள். அவள்தான் அழுதாள்.

மழை என்றதும் வேறு எதுவோ ஞாபகம் வந்தது. கடல் ஊருக்குள் வந்த வருடம், தேங்காய்ப்பட்டணத்துக்காரர்கள் நம் ஆலயத்தில் தங்கியிருந்தார்கள். ஒரு கிழவர் பூனையை மடியில் கட்டிக்கொண்டு வந்திருந்தார். வீட்டில் எதை எடுக்கவும் நேரமில்லை, இது காலில் இடறியது, எடுத்தேன் என்றார். அந்தப் பூனை சாம்பல் நிறம், ஒரு காது முறிந்தது. அவர் பெயர் கேட்கவில்லை.

அக்காள் விழித்ததும் காலோரம் கையால் தடவிப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். ராத்திரி சாப்பாடு: இல்லை.

ஞாயிறு. மழை விட்டது.

முதல் மணி, இரண்டாம் மணி. கயிறு ஈரம். போதகர் அறிவிப்பில் லில்லியைப் பற்றிச் சொன்னார். பின்னால் பையச் சிரிப்பு. ஒருத்தர்: “இனி எலிக்கும் ஒரு அறிவிப்பு வரும்.” ஆனால் ஆராதனை முடிந்ததும் ஒரு பெண் என்னைத் தேடி வந்தாள். கல்யாணக் காரில் கட்டியிருந்த லில்லியை வீட்டுக்குக் கொண்டுபோய் மேசையில் வைத்திருக்கிறாளாம், குட்டி போட்ட பூனை இருக்கிறதாம். “நேராட்டா பாட்டா?” என்றாள். நேர்தான் என்றேன். செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு ஓடினாள். அந்த ஓட்டத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

அக்காள் காலையில் வெள்ளம் மட்டும். விஜிலா எங்கிருந்தோ ஒரு பூனைக்குட்டியைப் பிடித்துக் கொண்டுவந்து தட்டுக்கு எதிரே விட்டாள். கறுப்பு. அழகாகத்தான் இருந்தது.

“இது ஆருக்க பூச்ச? கொண்டு விடு ஏட்டி. தேடுவாவ.”

கடைசியில் ராக்கியையே கொண்டுவந்து உட்கார வைத்தாள். அது தட்டைப் பார்த்து நாக்கைத் தொங்கப்போட்டது.

“நாய வீட்டுக்குள்ள கேற்றினது ஆரு? அப்பன் வந்தா அடிப்பாரு.”

இவ்வளவு பேச்சு அக்காளிடமிருந்து வந்து நாளாயிற்று. சோறு மட்டும் இல்லை. விஜிலா ஹார்லிக்ஸைக் கலந்து சங்கால் புகட்டப் பார்த்தாள். வாயோரம் வழிந்தது. “நாளைக்கும் இப்பிடின்னா ஆஸ்பத்திரி பாட்டா” என்றாள். கன்னம் ஒட்டிவிட்டது. கை தொட்டால் குளிர்ச்சி.

திங்கள். வெயில், இளம் காற்று.

பீடத்துப் பூ இந்த வாரம் கேந்தியும் பிச்சியும். கொண்டுவரவில்லை. ஆலயத்துத் தென்னை மூட்டிலேயே போட்டேன். போதகர் பார்த்தார்.

மத்தியானம் மோர்ச்சோறு பிசைந்து அக்காள் முன்னால் உட்கார்ந்தேன். ஆட்டோவுக்குச் சொல்லி வைத்தாயிற்று, நாலு மணிக்கு வரும். உருண்டையைக் கையில் வைத்துக்கொண்டு இருந்தேன். உதடு மடிந்தே இருந்தது. என் கையிலேயே சோறு காய்ந்தது.

அப்போது கேட்டாள். “எல்லாரும் தின்னாச்சா?”

அம்மை போன பிறகு வீட்டில் சோறு பரிமாறியது அக்காள்தான். எல்லோரும் தின்று எழுந்த பிறகு பானையைச் சுரண்டித் தின்பாள். யாராவது ஒருவர் வர நேரமானாலும் அதுவரை இருப்பாள். நான் திருவிழா பார்க்கப் போய் விடிந்து வந்த அன்றைக்கும் இருந்தாள்.

தின்னாச்சு என்று சொல்லியிருக்கலாம். இத்தனை நாளும் அப்படித்தான் சொல்லி வந்தேன். அப்பன் கருங்கல் சந்தைக்கு, அம்மை ஆற்றுக்கு, தின்றுவிட்டுத்தான் போயிருக்கிறார்கள். இன்றைக்கு நாக்கில் வரவில்லை.

“அப்பன்?” என்றாள்.

“செத்தாச்சு.” நம் தாலூகா தமிழ்நாட்டோடு சேர்ந்த வருடம். வெற்றிலை மடித்துக்கொண்டிருந்தபோது.

ஒரு விரலை மடக்கினாள்.

“அம்மை?”

“செத்தாச்சு.” ஊருக்குக் கரண்ட் வந்த வருடம். வீட்டில் முதல் பல்பு எரிந்தது அம்மையைக் கிடத்தியிருந்த அறையில்.

“தேவதாசன்?” எங்கள் மூத்த அண்ணன்.

“செத்தாச்சு.” பெரிய புயலில் ரப்பர் எல்லாம் முறிந்த வருடம். பெட்டியைக் கொண்டுபோக வழியில் கிடந்த மரத்தை வெட்டி வெட்டிப் போனோம்.

“ரெஞ்சிதம்?” தங்கை.

“செத்தாச்சு.” அது எந்த வருடம் என்று சொல்ல முடியும். சொல்ல வேண்டாம்.

“குஞ்ஞு?”

“செத்தாச்சு அக்கா.”

அக்கா என்று நான் கூப்பிட்டதற்கு, நீரு ஆருவே என்று அவள் கேட்கவில்லை. மடக்கிய விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அதில் என் பெயர் மட்டும் இல்லை. அழவில்லை. இத்தனை பேருக்கு இனி இலை போட வேண்டாம் என்று கணக்குப் பார்க்கிற முகம். பிறகு தட்டைத் தன் பக்கம் இழுத்தாள். காய்ந்த சோற்றில் இன்னும் கொஞ்சம் மோர் விட்டு, தன் கையால் பிசைந்து, ஒரு உருண்டை உருட்டினாள்.

“பின்ன இது ஆருக்குவே?”

“செல்லையனுக்கு” என்றேன்.